கெண்டைக்கால்ல இருந்து ஆரம்பிச்சோம்: ஃபாண்டன் ஆபரேஷன் ஆன 19 வயசுப் பொண்ணுக்கு வீட்லயே உடற்பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

பொண்ணுக்கு 19 வயசு, காலேஜ் ரெண்டாவது வருஷம், கோவில்பட்டி பக்கம் ஒரு ஊரு. பிறக்கும்போதே ட்ரைகஸ்பிட் அட்ரீசியா, அதாவது ஹார்ட்டோட வலது பக்கத்துல மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்க வேண்டிய வால்வு உருவாகவே இல்ல, அதனால வலது கீழ் அறையும் ஒழுங்கா வளரல. பம்ப் பண்ற வேலைய மொத்தமா செய்யறது ஒரே ஒரு அறைதான். ரெண்டு வயசுல க்ளென் ஆபரேஷன், ஏழு வயசுல ஃபாண்டன் ஆபரேஷன் (ரெண்டும் என்னன்னு பின்னாடி சொல்றேன்), ரெண்டும் சென்னைல, ரெண்டாவது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல நடந்தது. அப்பா லோடு ஏத்தற வேலை, அம்மா தீப்பெட்டி ஆபீஸ். (அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், ஆள் யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்கள மாத்தியிருக்கேன்.)

வருஷாந்திர செக்கப்புக்கு வந்தப்போ சொன்ன கம்ப்ளைண்ட் இதுதான்: கிளாஸ் மூணாவது மாடில மாத்திட்டாங்க, ஏற முடியல, நடுவுல ஒரு தடவ நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் மேல போக முடியுது, கூட வர்ற பிள்ளைங்க எல்லாம் போயிடுறாங்க. வீட்ல எல்லாரும் பயந்துட்டாங்க, ஹார்ட் கெட்டுப்போச்சு, மறுபடி ஆபரேஷன்னு சொல்லப் போறாங்கன்னு. எக்கோ எடுத்துப் பாத்தா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு. பம்பிங் நல்லா இருக்கு, வால்வு கசிவு லேசாத்தான். இருபத்திநாலு மணி நேரம் துடிப்பப் பதிவு பண்ற ஹோல்டர் டெஸ்ட்லயும் துடிப்புல கோளாறு எதுவும் இல்ல. கார்டியாலஜிஸ்ட் அவங்ககிட்ட சொன்னது, ஹார்ட் அப்படியேதான்மா இருக்கு, கை காலுதான் பழக்கம் விட்டுப்போச்சு. அப்புறம் எங்ககிட்ட, அதாவது கார்டியாக் பிசியோவுக்கு, அனுப்பிவச்சாங்க.

பழக்கம் விட்டுப்போச்சுன்னு சொன்னோம், பழக்கமே வரலன்னுதான் சொல்லணும். ஏழு வயசுல ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறப்போ ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், கனமான பை தூக்க வேண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. நெஞ்செலும்பு கூடுற வரைக்கும் அது சரியான அறிவுரைதான், ரெண்டு மூணு மாசத்துக்கு. ஆனா அதுக்கப்புறம் இப்ப ஓடலாம்னு யாருமே சொல்லல. பன்னெண்டு வருஷம் அந்தத் தடை அப்படியே நின்னுடுச்சு. ஸ்கூல்ல பிடி பீரியட்னா இவளுக்கு வேலை மரத்தடில உக்காந்து மத்தவங்க பைய பாத்துக்கறது. வீட்ல குடம் தூக்க விட்டதில்ல, சைக்கிள் ஓட்டிப் பழகல, திருவிழாவுல முளைப்பாரி எடுக்க விட்டதில்ல. பிறவி ஹார்ட் பிரச்சினையோட எங்ககிட்ட வர்ற பிள்ளைங்கள்ல இதே கதைய நான் திரும்பத் திரும்பக் கேக்கறேன், கேக்கறப்போ எல்லாம் மனசு அடிச்சுக்குது, ஏன்னா அந்தத் தடைய எடுத்துவிட ஒரு வாக்கியம் போதும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2013-லயே இந்தப் பிள்ளைங்கள ஓடியாட ஊக்கப்படுத்துங்கன்னு தனியா ஒரு அறிக்கையே போட்டாங்க. நம்ம நாட்டுல வருஷத்துக்கு ரெண்டு லட்சம் குழந்தைங்களுக்கு மேல பிறவி ஹார்ட் பிரச்சினையோட பிறக்குதுன்னு கணக்கு சொல்றாங்க, ஆபரேஷனும் நல்லபடியா நடக்குது, பிழைச்சு வளர்றாங்க, வளர்ந்த பிறகு அவங்க எப்படி வாழணும்கற பேச்சு மட்டும் எங்கயோ விட்டுப்போயிடுது. பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி பிரச்சினைங்களக் கண்டுபிடிச்சு சிகிச்சைக்கு அனுப்பற மத்திய அரசோட ஆர்பிஎஸ்கே திட்டம் 18 வயசு வரைக்கும்தான். அதுக்கு மேல குழந்தைங்க டாக்டர்கிட்ட இருந்து பெரியவங்க டாக்டர்கிட்ட மாறணும், அந்த மாற்றத்துல எத்தனையோ பேர் ஃபாலோ அப்பே வராம நின்னுடுறாங்க. இந்தப் பொண்ணு வந்துட்டே இருந்தது அவங்க அம்மாவோட பிடிவாதத்துல.

ஃபாண்டன்னா என்னன்னு கொஞ்சம் சொல்லியே ஆகணும், இல்லன்னா நாங்க ஏன் கெண்டைக்கால்ல இருந்து ஆரம்பிச்சோம்னு புரியாது. பிரான்ஸ்ல போர்தோ ஊர்ல ஃபிரான்சிஸ் ஃபாண்டன்ங்கற சர்ஜன் 1968-ல முதல்ல செஞ்சு 1971-ல எழுதி வெளியிட்ட ஆபரேஷன் இது, அப்புறம் பலபேர் பல விதமா மாத்திட்டாங்க. அடிப்படை ஒண்ணுதான்: இருக்கற ஒரே பம்ப உடம்புக்கு ரத்தம் அனுப்ப விட்டுட்டு, உடம்புல இருந்து திரும்பி வர்ற அசுத்த ரத்தத்த ஹார்ட்டுக்குள்ள விடாம நேரா நுரையீரலுக்குக் கொண்டு போறது. மேல் உடம்பு ரத்தம் முதல்ல செஞ்ச க்ளென் இணைப்பு வழியா, கீழ் உடம்பு ரத்தம் ஒரு குழாய் வழியா. மேல்நிலைத் தொட்டில இருந்து மோட்டார் இல்லாம வாட்டத்துலயே தண்ணி வீட்டுக்கு வர்ற மாதிரிதான், நுரையீரலுக்குத் தள்ளிவிட அங்க எதுவுமே இல்ல. நமக்கெல்லாம் உடற்பயிற்சி பண்றப்போ வலது பக்க அறை வேகமா அடிச்சு நுரையீரலுக்கு ரத்தத்தத் தள்ளும். இவங்களுக்கு அந்த வேலைய ரெண்டு விஷயம்தான் ஓரளவு செய்யுது: மூச்சு உள்ள இழுக்கறப்போ நெஞ்சுக்குள்ள உண்டாகற இழுவை, அப்புறம் கால் தசை சுருங்கி ரத்தத்த மேல தள்ளறது. கால் தசை மெலிஞ்சு போச்சுன்னா மேல வர்ற ரத்தம் குறையும், வர்றது குறைஞ்சா ஒத்த அறை எவ்வளவு நல்லா அடிச்சாலும் வெளிய அனுப்பறதுக்குச் சரக்கு இருக்காது. இந்தப் பொண்ணோட கெண்டைக்கால முதல் நாள் தொட்டுப் பாத்தப்போ தசைன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல, மெத்துன்னு இருந்துச்சு.

சிட்னில ஒரு குழு 2013-ல ஃபாண்டன் ஆன பெரியவங்களுக்கு 20 வாரம் தசை வலுப்படுத்தற பயிற்சி கொடுத்துப் பாத்து, தசை கூடினதோட ஹார்ட் ஒரு துடிப்புக்கு அனுப்பற ரத்தமும் கூடுதுன்னு காட்டினாங்க. ரொம்ப சின்ன ஆய்வுதான், ஆனா வழி காட்டற ஆய்வு. எங்க ப்ளானுக்கு அதுதான் அஸ்திவாரம்.

வீட்லயே ஏன்

வாரம் மூணு நாள் சென்னைக்கு வரச் சொல்ல முடியாது. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்க உக்காந்து வரணும், அம்மாவுக்குக் கூலி போகும், பொண்ணுக்கு காலேஜ் போகும். பக்கத்துல பிசியோ கிளினிக் இருக்கு, அங்க மூட்டு வலியும் பக்கவாதமும் நல்லா பாப்பாங்க, ஃபாண்டன்னு சொன்னா கை வைக்கத் தயங்குறாங்க, அவங்க தயங்கறது நியாயம்தான். அதனால வீடியோ கால்.

ஆனா வீட்ல இருந்தே செய்யலாம்னு முடிவு பண்றது கடைசில வரணும், முதல்ல ஆஸ்பத்திரில டெஸ்ட். ஐரோப்பிய கார்டியாலஜிக்காரங்க 2013-ல போட்ட பரிந்துரைல அஞ்சு விஷயத்தப் பாக்கச் சொல்றாங்க: ஹார்ட் அறைகளோட நிலைமை, நுரையீரல் ரத்தக்குழாய் பிரஷர், அயோர்ட்டா (ஹார்ட்ல இருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய்) விரிவு, துடிப்புக் கோளாறு, சும்மா இருக்கறப்பவும் உழைக்கறப்பவும் ஆக்சிஜன் அளவு. நோய் பேர வச்சு இவங்களுக்கு இந்த விளையாட்டு கூடாதுன்னு பட்டியல் போடாம, ஆள வச்சு முடிவு பண்ணச் சொன்னதுதான் அதுல எனக்குப் பிடிச்ச விஷயம். இவளுக்கு அஞ்சும் பாத்தோம். முகத்துல மாஸ்க் போட்டு சைக்கிள் மிதிக்க வைக்கற டெஸ்ட்ல உச்சபட்ச ஆக்சிஜன் பயன்பாடு ஒரு கிலோவுக்கு நிமிஷத்துக்கு 21 மில்லி, இவ வயசுல எதிர்பாக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ரத்தத்துல ஆக்சிஜன் அளவு சும்மா இருக்கறப்போ 92 சதவீதம், உச்சத்துல 87, ஏன்னா ஆபரேஷன் பண்றப்போ பிரஷர் தணியறதுக்காக வேணும்னே ஒரு சின்ன ஓட்டை விட்டிருக்காங்க, அது வழியா கொஞ்சம் அசுத்த ரத்தம் கலக்குது. ஆறு நிமிஷ நடை 402 மீட்டர். ஒரு நிமிஷத்துல நாற்காலில உக்காந்து எழுந்தது 18 தடவ. இந்தக் கடைசி டெஸ்ட்ட வீட்ல வீடியோலயே திரும்பப் பண்ணலாம்கறதால அத முக்கியமா வச்சுக்கிட்டோம்.

உச்சத்துல இதயத் துடிப்பு 148-க்கு மேல போகல. இத ஏன் தனியா சொல்றேன்னா, ஜிம்ல, யூட்யூப்ல எல்லாம் 220-ல இருந்து வயசக் கழி, அதுல இத்தனை சதவீதம்னு ஒரு கணக்கு சொல்வாங்க இல்லையா, அந்தக் கணக்குப்படி இவளுக்கு உச்சம் 201 வரும். ஃபாண்டன் ஆன பலருக்குத் துடிப்பு அந்த அளவுக்கு ஏறவே ஏறாது. அந்தக் கணக்க வச்சு டார்கெட் கொடுத்தா பாவம் அந்தப் பிள்ளை எட்ட முடியாத நம்பருக்கு உயிர விட்டு ஓடும். அதனால துடிப்பு நம்பர ஓரமா வச்சுட்டு போர்க் ஸ்கேல்தான், 6-ல இருந்து 20 வரைக்கும், எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு அவளே சொல்றது. முதல் மாசம் 11-ல இருந்து 13 வரைக்கும்தான் விட்டோம். பேச முடியணும், பாட முடியாது, அந்த அளவு.

ரத்த டெஸ்ட்ல இன்னொண்ணு கிடைச்சுது. ஹீமோகுளோபின் 12.4, பாக்க நார்மல் மாதிரி இருக்கு, ஆனா உடம்புல சேர்ந்திருக்கற இரும்புச்சத்தக் காட்டற ஃபெரிட்டின் ரொம்பக் கம்மி. மாதவிடாய் அதிகமா போகுதுன்னு அவ அதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல, ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் வேற எடுக்கறா. ஆக்சிஜன் 92-ல ஓடற உடம்புக்கு அத சுமக்கற ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடவே இருக்கறதுதான் நல்லது, அதுக்கு இரும்புச்சத்து வேணும். கார்டியாலஜிஸ்ட் இரும்பு மாத்திரை ஆரம்பிச்சாங்க, மகப்பேறு டாக்டர்கிட்டயும் காட்டச் சொன்னாங்க. பின்னாடி ரிசல்ட்ட பாக்கறப்போ இத மனசுல வச்சுக்கணும்.

என்ன செஞ்சோம்

16 வாரம், வாரத்துக்கு மூணு தடவ, அதுல ரெண்டு எங்ககூட நேரலைல, ஒண்ணு அவளே, பக்கத்துல அம்மா. காலைல ஆறரை மணி, ஏன்னா அப்பத்தான் நெட்வொர்க் நிக்கும், வெயிலும் ஏறாது. ஃபோன எங்க வைக்கறதுன்னே முதல்ல ஒரு போராட்டம், தையல் மெஷின் மேல சொம்ப வச்சு அதுல சாய்ச்சு வச்சாங்க, உதட்டுல இருந்து பாதம் வரைக்கும் ஃப்ரேம்ல தெரியணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். உதட்டு நிறம் தெரியணும், குதிகால் எவ்வளவு எழும்புதுன்னும் தெரியணும்.

சாமான்னு பாத்தா ஒரு ரப்பர் பேண்ட் மட்டும் நாங்க கொடுத்தோம், மத்ததெல்லாம் வீட்ல இருக்கறதுதான். பத்து நிமிஷம் உடம்ப சூடு பண்றது, அப்புறம் ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு குதிகால் எழுப்பறது, நாற்காலில உக்காந்து எழறது, வாசப்படி ஏறி இறங்கறது, சுவத்துல கை ஊனித் தள்ளறது, பேண்ட இழுக்கறது, கடைசில தெருவுல நடை. பிளாஸ்டிக் சேர் டைல்ஸ் தரைல வழுக்குதுன்னு சுவத்தோட ஒட்டிப் போட்டோம், குதிகால் பயிற்சிக்கு சேர் முதுகப் பிடிக்காம ஜன்னலுக்கு மாத்தினதும் அதுக்காகத்தான். அளவு கூட்டறது ரொம்ப மெதுவா, முதல்ல தடவைங்கள கூட்டி, அப்புறம் ரெண்டு கால ஒத்தக் காலா மாத்தி.

இதுல நாங்க ரொம்ப நேரம் செலவு பண்ணினது எண்ணச் சொல்லிக் கொடுக்கறதுலதான். கஷ்டமான வேலை வந்தா எல்லாரும் மூச்சப் பிடிச்சு முக்குவோம், அது மனுஷ இயல்பு. ஃபாண்டன் ஆனவங்க அப்படி முக்கினா நெஞ்சுக்குள்ள பிரஷர் ஏறி நுரையீரலுக்குப் போற ரத்தம் அந்த நேரத்துக்குத் தடைப்படும், தலை கிர்ருன்னு சுத்தும். மூச்சப் பிடிக்காதன்னு சொன்னா யாருக்கும் பிடிக்காம இருக்க வராது. அதனால சத்தமா எண்ணு, நிறுத்தாம எண்ணுன்னு சொன்னோம். சத்தமா எண்றவங்களால மூச்சப் பிடிக்க முடியாது. இவ ஒண்ணு ரெண்டு மூணுன்னு நல்லா கணீர்னு ஆரம்பிப்பா, ஏழு எட்டு வரப்போ குரல் தேயும், ஒன்பதுல உதடு மட்டும் அசையும், பத்துல உதட்டக் கடிச்சுக்குவா. அந்த இடத்துல அக்காவுக்குக் கேக்கலம்மான்னு ஒரு குரல் கொடுத்தா போதும், மறுபடி எண்ணுவா. வீடியோ உறைஞ்சு போனாலும் ஆடியோ மட்டும் வந்துட்டிருந்தா அந்த எண்ணிக்கைய வச்சே அவ எப்படி இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சுடும். பதிவு பண்ணின வீடியோவ வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு நீயே பண்ணிக்கோன்னு விட்டிருந்தா இந்த ஏழாவது எண்ணிக்கை யாருக்கும் கேட்டிருக்காது.

ஆக்ஸிமீட்டர் ஒரு தலைவலி. விரல்ல மாட்டிக்கிட்டே ஜன்னல் கம்பிய இறுக்கிப் பிடிச்சா நம்பர் தாறுமாறா குதிக்கும், ஒரு நாள் 79-னு காட்டினதும் அம்மா பதறிப்போய் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. பொண்ணு நல்லா பேசறா, உதடு எப்பவும் போலத்தான் இருக்கு. கைய நெஞ்சுக்கு நேரா வச்சு, அசைக்காம, அலை ஒரே சீரா வர்ற வரைக்கும் பொறுத்துப் பாத்தா 89. அன்னைல இருந்து ஒரு செட் முடிச்சு, கைய ஓய்வா வச்ச அப்புறம்தான் ரீடிங், ஓட்டத்துல வர்ற நம்பருக்கு மதிப்பில்லன்னு முடிவு. அப்படி ஒழுங்கா எடுத்தும் ஒரு நிமிஷ ஓய்வுக்கப்புறம் 85-க்குக் கீழயே நின்னா அன்னைக்கு அதோட நிறுத்தம், இது இவளுக்குன்னு கார்டியாலஜிஸ்ட் வச்ச எல்லை, மத்தவங்களுக்கு வேற.

நெஞ்சு வலி, மயக்கம் வர்ற மாதிரி இருக்கறது, நிக்காத படபடப்பு, உதடு வழக்கத்தவிட நீலமாகறது, இதுல எது வந்தாலும் நிறுத்தணும், எங்களுக்கு போன், நிக்கலன்னா 108. காய்ச்சல், வயித்துப்போக்கு இருக்கற நாள்ல பயிற்சியே கிடையாது. வயித்துப்போக்க ஏன் அழுத்திச் சொன்னோம்னா, உடம்புல தண்ணி குறைஞ்சா நுரையீரலுக்கு வாட்டத்துல போற ரத்தம்தான் முதல்ல குறையும். கத்திரி வெயில் மாசத்துல தண்ணி குடிக்கறதையும் பயிற்சி மாதிரியே கணக்குல வச்சோம்.

அவசரத்துக்குன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரு பக்கத்துக்கு எழுதி லேமினேட் பண்ணிக் கொடுத்தோம். கோவில்பட்டி கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ராத்திரி டியூட்டில இருக்கற டாக்டருக்குப் பார்த்த உடனே புரியணும்னு: இது ஃபாண்டன், 92 இவளுக்கு நார்மல், டிரிப்ஸ் லைன்ல காத்துக் குமிழி துளி கூடப் போகக்கூடாது, ஏன்னா அந்தச் சின்ன ஓட்டை வழியா நேரா மூளைக்குப் போக வாய்ப்பிருக்கு. துடிப்பு காட்டற ஆறாயிரம் ரூபா ஸ்மார்ட் வாட்ச்ச விட இந்த லேமினேட் அட்டை முக்கியம்னு நான் உறுதியா நம்பறேன்.

அம்மா

உண்மையச் சொன்னா முதல் மூணு வாரம் பயிற்சி பொண்ணுக்கு நடக்கல, அம்மாவுக்குத்தான் நடந்துச்சு. ஃப்ரேம்ல பாதி நேரம் அம்மாவோட கைதான் தெரியும், பொண்ணோட தோளப் பிடிச்சுக்கிட்டே. "பைய செய்ட்டி, பைய, போதும் விடு" இதுதான் பின்னணில ஓடற குரல். பொண்ணு போர்க் 9-லயே நிறுத்திடுவா, கஷ்டமான்னு கேட்டா இல்லக்கா, அம்மா பயப்படுதான்னு சொல்வா. அம்மாவ நான் குறை சொல்ல மாட்டேன், பாலூட்டறப்போ குழந்தை நீலமா மாறினதப் பாத்தவங்க, ரெண்டு தடவ ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல உக்காந்தவங்க, பயிற்சி நல்லதும்மான்னு நாங்க சொல்ற ஒரு வார்த்தை அந்தப் பயத்துக்கு முன்னாடி எப்படி நிக்கும்.

அதனால அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தோம். செட் முடிஞ்ச உடனே பொண்ணோட மணிக்கட்டுல நாடி பிடிச்சு எண்ணுங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி எண்ணுங்க, ரெண்டையும் எனக்குச் சொல்லுங்க. முதல் தடவ நாடியே கிடைக்கல, கட்டைவிரல வச்சு அமுக்கிட்டு இருந்தாங்க, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசா வைக்கச் சொன்னேன், கிடைச்சதும் முகமே மாறிடுச்சு. 124-னு சொன்னாங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு 98. "இறங்குது மேடம்" அப்படின்னாங்க. வேகமா அடிக்கற ஹார்ட் தன்னால அடங்கும்கறத அவங்க விரலாலயே தொட்டுத் தெரிஞ்சுகிட்டாங்க, அதுக்கப்புறம் போதும் விடுங்கற குரல் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுபோச்சு. ரெண்டாவது மாசத்துல அம்மாவே பக்கத்து ஜன்னல்ல நின்னு குதிகால் எழுப்ப ஆரம்பிச்சாங்க, நாள் முழுக்க உக்காந்து குச்சி அடுக்கறவங்க, அவங்க காலுக்கும் அது நல்லதுதான்.

ஆறாவது வாரத்துல ஒரு சம்பவம், இதச் சொல்லாம விட்டா இந்த ஆய்வுக்கு அர்த்தமில்ல. அவ தனியா செய்யற நாள். வாசப்படி ஏறி இறங்கற செட்ட முடிச்சிருக்கா, அந்த நேரம் பாத்து ஃப்ரெண்டு போன், அப்படியே அசையாம நின்னு பேசியிருக்கா. ஒரு நிமிஷத்துல கண்ணு இருட்டிட்டு வந்திருக்கு. கீழ விழல, சுவத்தப் பிடிச்சு உக்காந்துட்டா, அம்மா படுக்க வச்சு கால கட்டில் மேல தூக்கி வச்சாங்க (சொல்லிக் கொடுத்திருந்தோம்), ரெண்டு மூணு நிமிஷத்துல சரியாயிடுச்சு. அன்னைக்கே கோவில்பட்டில ஈசிஜி எடுத்து அனுப்பினாங்க, கார்டியாலஜிஸ்ட் பாத்தாங்க, துடிப்பு ஒழுங்காத்தான் இருக்கு. நடந்தது என்னன்னா, வேலை செஞ்ச கால்ல ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சு ரத்தம் நிறைஞ்சு நிக்குது, கால் அசையற வரைக்கும் தசை அதத் தள்ளி மேல ஏத்திட்டு இருந்துச்சு, சட்டுன்னு நின்னதும் ஏத்த ஆள் இல்ல. சாதாரண ஆளுக்கே லேசா கிறுகிறுக்கும், ஃபாண்டனுக்கு இன்னும் சீக்கிரம். ஒரு வாரம் நிறுத்தி வச்சு, கார்டியாலஜிஸ்ட் சரின்னு சொன்னப்புறம் மறுபடி ஆரம்பிச்சோம், ஒவ்வொரு செட்டுக்கும் அப்புறம் இடத்துலயே நடந்துட்டே இருக்கணும், கடைசில அஞ்சு நிமிஷம் மெதுநடை கட்டாயம், போன் வந்தா நடந்துட்டே பேசுன்னு. வீட்ல செய்யற திட்டத்துக்கு எதிரா இத ஒரு காரணமா காட்டறவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. இதே மயக்கம் காலேஜ் மாடிப்படில வந்திருந்தா கால உயர்த்தி வைக்கணும்னு தெரிஞ்ச ஒரு ஆளும் பக்கத்துல இருந்திருக்க மாட்டாங்க.

ரிசல்ட்

திட்டம் போட்ட 48 செஷன்ல 39 நடந்துச்சு. செமஸ்டர் எக்ஸாம், ஒரு காய்ச்சல், மாதவிடாயோட முதல் நாளுங்க, அந்த மயக்கத்துக்கப்புறம் ஒரு வாரம், ஊர்க் கோயில் கொடை, இதுலதான் மத்தது போச்சு. கடைசில சென்னைக்கு வந்து அதே டெஸ்டுங்கள எடுத்தோம். உக்காந்து எழறது 18-ல இருந்து 26. ஆறு நிமிஷ நடை 402-ல இருந்து 458 மீட்டர். உச்சபட்ச ஆக்சிஜன் பயன்பாடு 21-ல இருந்து 23.3. ஆக்சிஜன் அளவு மாறல, சும்மா இருக்கறப்போ அதே 92. எக்கோ மாறல. மூணு மாடியும் நிக்காம ஏறிடுறா, மேல போய் மூச்சு வாங்குது, அது யாருக்கும் வாங்கும்.

இந்த நம்பருங்கள அப்படியே பயிற்சியோட கணக்குல எழுதிட முடியாது. இரும்புச்சத்து அதே காலத்துல ஏறியிருக்கு, ஃபெரிட்டின் நார்மலுக்கு வந்துடுச்சு, அதுவே ஒரு பங்கு தெம்பக் கொடுத்திருக்கும். ஆறு நிமிஷ நடை ரெண்டாவது தடவ நடக்கறப்போ பழக்கத்துலயே கொஞ்சம் கூடும், தெரிஞ்ச விஷயம்தான். உக்காந்து எழறது நாங்க ஒவ்வொரு செஷன்லயும் செய்ய வச்ச பயிற்சியே, அதுல கூடாம எதுல கூடும். அதனால எனக்கு நம்பிக்கை தர்ற அளவு மாஸ்க் டெஸ்ட்ல வந்த அந்த 2.3 மில்லிதான், அதுலயும் எவ்வளவு இரும்புக்கு, எவ்வளவு காலுக்குன்னு ஒரே ஒரு ஆள வச்சுப் பிரிக்க முடியாது.

வெளிநாட்டு ஆய்வுங்களப் பாத்தா இன்னும் ஜாக்கிரதை வருது. டென்மார்க்ல சிக்கலான பிறவி ஹார்ட் பிரச்சினை இருக்கற 13-ல இருந்து 16 வயசு வரைக்குமான 158 பேர வச்சு ஒரு வருஷம், 52 வாரம், மொபைல் வழியா ஊக்கம் கொடுத்துப் பாத்தாங்க. ஃபிட்னஸ்ல வித்தியாசமே வரல, ரொம்பப் பேர் திட்டத்த ஒழுங்கா பின்பற்றவும் இல்ல. மியூனிக்ல பிள்ளைங்களுக்கு இணையத்துல வீடியோ கொடுத்து 24 வாரம், வாரம் மூணு தடவ 20 நிமிஷம்னு செய்ய வச்சாங்க, பாதுகாப்பாத்தான் இருந்துச்சு, ஃபிட்னஸ் கூடல. அந்தப் பக்கம் கனடால எட்மண்டன்ல ஒரு குழு வீட்டுக்கே ஒரு சைக்கிள அனுப்பி, பிள்ளை கேம் விளையாடிட்டே மிதிக்க, அங்க ஆஸ்பத்திரில உக்காந்து ஒருத்தர் ஈசிஜியும் ஆக்சிஜனும் நேரலைல பாத்துட்டு இருப்பாங்க. அந்த சைக்கிள் நம்ம ஊர் வீடுகளுக்கு இப்போதைக்கு வராது. ஆனா அதுல இருக்கற முக்கியமான பாகம் சைக்கிள் இல்ல, அந்தப் பக்கம் உக்காந்திருக்கற ஆள். தொலைவுல இருந்து பயிற்சின்னு சொன்னதும் ஆப் செய்யலாம், வீடியோ எடுத்துப் போடலாம்னு கிளம்பறவங்ககிட்ட நான் சொல்றது இதுதான், காசு இருந்தா முதல்ல ஒரு பிசியோவோட நேரத்துக்குக் கொடுங்க.

இந்தத் திட்டத்த அப்படியே எடுத்து வேற பிறவி ஹார்ட் பிரச்சினைக்குப் போடாதீங்க. நுரையீரல் பிரஷர் ஏறிப்போய் ஐசன்மெங்கர் ஆனவங்களுக்குக் கணக்கு வேற, அயோர்ட்டா விரிஞ்சவங்களுக்கு கனம் தூக்கற விஷயத்துல கணக்கு வேற, பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு வேற. டெஸ்ட் எடுக்காம ஆரம்பிக்கவே கூடாது. அதே நேரம், ஹார்ட்ல சின்ன ஓட்டை இருந்துச்சு, முழுசா அடைச்சாச்சு, எக்கோ நார்மல்னு இருக்கற பிள்ளைய இன்னமும் பிடி பீரியட்ல மரத்தடில உக்கார வச்சிருந்தா, அடுத்த செக்கப்புல டாக்டர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்க, இவ ஓடலாமா, எவ்வளவு ஓடலாம்னு. பதில எழுதி வாங்கி ஸ்கூல்ல கொடுங்க, பி.டி. சார் எழுத்து இல்லாம நம்ப மாட்டார்.

இப்போ நேரலை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, மத்த நாள் அவளே. ஒத்தக் கால் குதிகால் பன்னெண்டு வரைக்கும் போறா. மூச்சு உள்ளிழுக்கற தசைக்குத் தனியா பயிற்சி சேர்க்கலாமான்னு பேசிட்டு இருக்கோம். ஆறு மாசத்துல மாஸ்க் டெஸ்ட் மறுபடி, கூடவே லிவர் ஸ்கேன், ஃபாண்டன் ஆனவங்களுக்கு வருஷம் போகப் போக ஈரல்ல ரத்தம் தேங்கி தழும்பு விழும்கறதால அதயும் விடாம பாக்கணும், பயிற்சி அதத் தடுக்கும்னு யாரும் உறுதி கொடுக்கல. சைக்கிள் கத்துக்கணும்னு கேட்டிருக்கா. கார்டியாலஜிஸ்ட் சரின்னுட்டாங்க, சமதரைல, ஹெல்மெட்டோட, வெயிலுக்கு முன்னாடி. அப்பா பழைய சைக்கிள் ஒண்ணு பாத்து வச்சிருக்கார், சீட் உயரத்த வீடியோல காட்டச் சொல்லியிருக்கேன்.